மரவள்ளிக்கிழங்கில் சயனைடு இருக்கிறதாமே, வேகவைத்தால் போய்விடுமா?

உங்கள் பதிவில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மரவள்ளி தின்ற அன்று இஞ்சி டீ கூடக் குடிக்க விடமாட்டேன் என்கிறார் உங்கள் அம்மா, அது சரியா என்பது ஒன்று. கிழங்கில் சயனைடு, கீரையில் விஷம், பருப்பில் விஷம், ஆகவே கறி மட்டும் தின்னுங்கள் என்று ஒருவர் காணொளியில் சொன்னதை நம்பலாமா என்பது இரண்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மரவள்ளி கொடுக்கலாமா என்பது மூன்று. மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைத்த நஞ்சு நம் அடுப்பங்கரையில் எப்படி, எவ்வளவு தூரம் இல்லாமல் போகிறது? அதைச் சொல்லிவிட்டால் மற்றவை தானாக விளங்கும்.

நான் உணவு வேதியியல் படித்தவன். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கிழங்கும் மாவும் பல வருடம் சோதித்திருக்கிறேன். மருத்துவன் இல்லை. ஆகவே கிழங்குக்குள் நடப்பதாகச் சொல்வதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, உடம்புக்குள் நடப்பதாகச் சொல்வது படித்தது. அந்த வித்தியாசத்தோடு படியுங்கள்.

முதலில், தோண்டி எடுத்த நல்ல கிழங்குக்குள் சயனைடு அனேகமாகச் சயனைடாக இல்லை. லினமரின் என்றொரு பொருளாக இருக்கிறது. ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைத்துக் கட்டிப்போட்ட சயனைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியின் பெயர் லினமரேஸ். இரண்டும் ஒரே கிழங்கில் இருந்தும் சந்திப்பதில்லை. லினமரின் செல்லுக்குள்ளே இருக்கும் நீர்ப்பையில் இருக்கிறது, நொதி செல்லின் வெளிச்சுவரில் இருக்கிறது. எலியோ ஆடோ கடித்துச் செல் கிழிந்தால்தான் இரண்டும் கலக்கும். கலந்ததும் சர்க்கரை கழன்றுபோய், மிச்சமிருப்பது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். செடிக்கு இதில் இரட்டை லாபம். நஞ்சை உடம்பெங்கும் சுமந்து தானே சாக வேண்டியதில்லை, கடிக்கிறவனுக்கு மட்டும் கடித்த இடத்தில் கொடுத்தால் போதும்.

இந்த ஏற்பாட்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பூண்டுப் பல்லை உரிக்காமல் மோந்தால் பெரிதாக வாசம் இல்லை, தட்டினால் வீடே மணக்கிறது. கடுகை அப்படியே எண்ணெயில் பொரித்தால் காரமில்லை, பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது. அங்கேயும் ஒரு பொருள், அதை உடைக்க ஒரு நொதி, இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். பூண்டும் கடுகும் பூச்சியை விரட்டச் செய்ததை நாம் ருசி என்று எடுத்துக்கொண்டோம். மரவள்ளி விஷயத்தில் வெளிவருவது ருசி இல்லை, அவ்வளவுதான்.

இப்போது எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு வருகிறேன். "வேகவைத்தால் விஷம் செத்துவிடும்" என்பார்கள். முழுப் பூண்டைக் குழம்பில் போட்டு வேகவைத்தால் காரம் வராது, காரணம் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. மரவள்ளியிலும் அதேதான். பெரிய துண்டங்களைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் முதலில் சாவது லினமரேஸ். லினமரின் கொதிநீர்ச் சூட்டுக்கு அசையாது, உடையாமல் துண்டுக்குள்ளேயே இருக்கும். வெளிவந்துவிட்ட ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகும் சரக்கு, அது பறந்துவிடும். கட்டவிழாத பகுதிதான் பிரச்சினை. அதைக் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் நிதானமாக அவிழ்க்கக்கூடும்.

ஆகவே கொதிக்கவைக்கும்போது நடக்கும் நல்ல காரியம் பெரும்பாலும் சூட்டினால் இல்லை, தண்ணீரினால். லினமரின் தண்ணீரில் கரையும். துண்டு சிறிதாக இருந்து, தண்ணீர் நிறைய இருந்து, அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டினால் நஞ்சும் அதோடு போகும். திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய 50 கிராம் துண்டங்களாக வேகவைத்தால் லினமரினில் முக்கால் பங்கு கிழங்கிலேயே தங்கியது. 2 கிராம் அளவுக்குப் பொடியாக நறுக்கி வேகவைத்தபோது கால் பங்குதான் தங்கியது. ஆவியில் அவிப்பதும், சுடுவதும், எண்ணெயில் பொரிப்பதும் இதைவிடக் குறைவாகவே வெளியேற்றும். காரணம் எளிது, கரைந்துபோகத் தண்ணீர் இல்லை. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூன்று விசில் வைத்து, அந்தத் தண்ணீரையும் கிழங்கே குடித்துவிடுகிற மாதிரி சமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கிழங்கு மெத்தென்று வெந்திருக்கும். நஞ்சு குறைந்தது என்பதற்கு மெத்தென்றிருப்பது அடையாளம் இல்லை.

இதற்கு நேர் எதிரான வழி, செடியின் ஆயுதத்தை வாய்க்கு வருமுன்பே வெடிக்கவைத்துவிடுவது. துருவு, இடி, அரை, ஊறவை. செல் கிழியட்டும், நொதி வேலை செய்யட்டும், வாயு போகட்டும், பிறகு அடுப்பில் ஏற்று. மேற்கு ஆப்பிரிக்காவில் 'காரி' என்னும் வறுத்த மாவை இப்படித்தான் செய்கிறார்கள்: துருவி, மூட்டையில் கட்டிச் சில நாள் புளிக்கவிட்டு, பிழிந்து, கடைசியில் வறுப்பது. காங்கோவில் கிழங்கைவிடப் பல மடங்கு நஞ்சுள்ள இலையையே உரலில் நன்றாக இடித்துக் கொதிக்கவைத்துக் கீரையாகத் தின்கிறார்கள். நம் ஊர் ஜவ்வரிசி ஆலையிலும் இதே கதை. கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, மாவுப்பாலைத் தண்ணீரில் கழுவித் தேக்கும்போது லினமரினும் சயனைடும் தண்ணீரோடு போய்விடுகின்றன. பாயசத்து ஜவ்வரிசியைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது ஆலையிலிருந்து வெளியே போகும் அந்தத் தண்ணீரைப் பற்றி, அது தனிப் பஞ்சாயத்து.

நஞ்சின் அளவு எல்லாக் கிழங்கிலும் ஒன்றில்லை. சயனைடு கணக்கில் ஒரு கிலோ பச்சைக்கிழங்குக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இனிப்பு ரகம் என்று சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்திருக்கிறது. கசப்பு ரகங்களில் இது 400, 500 என்றும் போகும். மனிதனைக் கொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 3.5 மில்லிகிராம் என்று நூல்கள் சொல்கின்றன. கணக்குப் போடுங்கள். 60 கிலோ ஆளுக்குக் கீழெல்லை 30 மில்லிகிராம். இனிப்பு ரகத்தில் 300 கிராம் தின்றால், சமைக்காமலே தின்றாலும், அதிகபட்சம் 15. நறுக்கி வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் அதில் பாதிக்கும் கீழே. லினமரினில் ஒரு பங்கு உடையாமலே சிறுநீரில் போய்விடுவதால் உண்மையில் இன்னும் குறையும். கசப்பு ரகம் 400 என்றால் அதே 300 கிராமில் 120 மில்லிகிராம். கசப்பு ரகத்தை யாரும் வேகவைத்து மட்டும் தின்னாததற்குக் காரணம் இந்த எண்கள்தான். பின் எதற்குக் கசப்பு ரகத்தை வளர்க்கிறார்கள் என்றால், பன்றியும் குரங்கும் திருடனும் தொடுவதில்லை. மலாவியில் பெண்கள் இதே காரணத்தைச் சொல்லிக் கசப்பு ரகத்தை விரும்பி நடுகிறார்கள். சமைப்பதற்குச் சிரமம், காப்பதற்குச் சுலபம்.

ஒரே ரகத்திலும் நிலத்துக்கு நிலம், பருவத்துக்குப் பருவம் மாறும். மழையில்லாமல் வாடிய வருடத்தில் நஞ்சு ஏறும், இது நன்றாக நிரூபணமானது. தோலில் சதையைவிடப் பல மடங்கு அதிகம், வெளியே இருக்கும் பழுப்புச் சிம்பில் மட்டுமல்ல, அதற்கு அடியில் இருக்கும் தடித்த வெள்ளை, இளஞ்சிவப்புப் பட்டையிலும். குச்சிக்கிழங்கு என்று எங்கள் பக்கம் சொல்லும் மரவள்ளிக் காட்டில் அவிழ்ந்துபோய் மேய்ந்த ஆடு வயிறு உப்பி வாயில் நுரை தள்ளி விழுவதைச் சேலம், தர்மபுரிப் பக்கம் ஆடு வைத்திருப்பவர்கள் அறிவார்கள். காய்ந்து நின்று ஒரு மழைக்குத் துளிர்த்த சோளப்பயிரை மேய்ந்த மாடு சாவதும் இதே சயனைடால்தான், அங்கே கட்டிப்போட்ட பொருளின் பெயர் மட்டும் வேறு, துரின். மேய்ந்த பிறகு கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டால் ஊசியில் பிழைக்க வாய்ப்புண்டு. வெயிலில் சருகாகக் காய்ந்த மரவள்ளித் தழையில் பெரும்பகுதி போயிருக்கும், பச்சைத்தழைதான் ஆபத்து.

உடம்பின் பக்கம் வருவோம். சயனைடு செல்லை மூச்சுவிட விடாமல் செய்யும் நஞ்சு. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கல்லீரல் சமாளிக்கும். ரோடனீஸ் என்ற நொதி அதோடு கந்தகத்தைச் சேர்த்து, தயோசயனேட் ஆக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். அந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது? நாம் தின்கிற புரதத்திலிருந்து. மீன், முட்டை, பருப்பு. கேரளத்தில் கப்பையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு மீன்கறியோடு தின்கிறார்களே, அதைவிட நல்ல சேர்க்கையை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து யோசித்தாலும் சொல்ல முடியாது. 1880களில் திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பியதும், இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அந்த ஊர் இதை வைத்தே வயிறு கழுவியதும் தெரிந்த கதை. கடலும் காயலும் பக்கத்தில் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

அது இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணம் சாட்சி. பஞ்சம், தின்ன வேறொன்றும் இல்லை, கசப்பு மரவள்ளியை வழக்கம்போல் வாரக்கணக்கில் காயவைக்கப் பொறுமையும் இல்லை, கூட உண்ணப் புரதமும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், திடீரென்று கால் விறைத்து நடக்க முடியாமல் போனார்கள். கொன்சோ என்று பெயர். 1938இலேயே காங்கோவில் ஒரு மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒருமுறை விறைத்த கால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. நஞ்சு மிகுந்த மரவள்ளியையே வாரக்கணக்கில் தின்பதும், கந்தகப் புரதக் குறைவும் சேரும் இடத்தில்தான் இது வருகிறது, அது உறுதி. ஆனால் நரம்பில் சரியாக எந்தப் பொருள் எப்படித் தாக்குகிறது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இதற்கு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு பிராட்பரி கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. மரவள்ளி மாவில் தண்ணீர் விட்டுப் பிசறி மெல்லிசாகப் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் வைத்துவிட்டு, அன்றே களி கிண்ட வேண்டியது. மாவில் உயிரோடிருக்கும் மிச்ச நொதி தண்ணீர் பட்டதும் மறுபடி வேலை செய்து சயனைடை விரட்டிவிடுகிறது. காசு செலவில்லை, கருவி இல்லை.

அம்மா சொன்ன இஞ்சிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் இலங்கை முழுக்கவும் இந்த நம்பிக்கை உண்டு. இஞ்சியும் மரவள்ளியும் சேர்ந்தால் புதிதாக ஒரு நஞ்சு பிறக்கும் என்பதற்கு நான் அறிந்த வேதியியலில் இடமில்லை. கேரளத்து மீன்கறியில் இஞ்சி போடுகிறார்கள், அதை ஊற்றித்தான் கப்பை தின்கிறார்கள், யாரும் விழவில்லை. பின் எப்படி வந்தது இந்தப் பேச்சு? என் ஊகம் இது, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகப் பக்குவம் செய்யாத கிழங்கைத் தின்றவருக்கு முதலில் வருவது குமட்டல், வயிற்றுவலி, தலைச்சுற்றல். குமட்டலுக்கு நம் வீட்டில் முதலில் கொடுப்பது இஞ்சிச் சாறு. கொடுத்த பிறகு ஆள் மோசமானால் பழி கடைசியாகக் கொடுத்ததன் மேல் விழும். அம்மாவோடு இதற்காகச் சண்டை போடாதீர்கள். ஒரு நாள் இஞ்சி டீ இல்லாவிட்டால் நட்டமில்லை. ஆனால் "இஞ்சி சேர்க்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழங்கு தின்று சில மணி நேரத்தில் வாந்தி, தலைவலி, மயக்கம், மூச்சிரைப்பு என்று வந்தால் இஞ்சி தின்றாரா என்று ஆராயாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மரவள்ளி தின்றார் என்பதைச் சொல்லுங்கள். சயனைடுக்கு மாற்று மருந்து இருக்கிறது.

காணொளிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. செடிகளில் தற்காப்பு நஞ்சு இருப்பது உண்மை. ஆகவே எதையும் தின்னாதே என்பது தவறு, ஏனென்றால் அளவையும் பக்குவத்தையும் அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பதில் சொல்கிறேன் என்று "எல்லாம் வேகவைத்தால் சரி" என்பவர்களும் எனக்குப் பயம் தருகிறார்கள். ஒவ்வொரு நஞ்சுக்கும் குணம் வேறு. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் ஒரு புரதம், நன்றாகக் கொதித்தால் செயலிழக்கும், ஆனால் இளஞ்சூட்டில் வெகுநேரம் வைத்தால் போகாது, கூடவும் செய்யும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும், நம் பிரஷர் குக்கர் இதற்கு அருமையான கருவி. கருணைக்கிழங்கு நாக்கில் காறுவது கால்சியம் ஆக்ஸலேட் என்னும் நுண்ணிய ஊசிப் படிகங்கள் குத்துவதால். புளி சேர்த்து வேகவைத்தால் அரிப்பு அடங்குவதை எல்லாச் சமையற்காரரும் அறிவார், புளி அந்த ஊசியைத்தான் கரைக்கிறதா, வேறு எதையாவது மாற்றுகிறதா என்பதை நான் அடித்துச் சொல்லமாட்டேன். பச்சை படிந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கில் கூடும் சோலனின் வேகவைத்தாலும் போகாது, வெட்டி எறிய வேண்டும், நிறையப் பச்சையாக இருந்தால் கிழங்கையே எறிய வேண்டும்.

இதில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புவது சுரைக்காய். காலையில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு குடிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சில காய் கசக்கும். அந்தக் கசப்பு குக்குர்பிடசின், வெந்தாலும் போகாது. கசந்த சாற்றை "மருந்துதானே" என்று கண்ணை மூடிக் குடித்தவர்கள் இரத்தவாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள், இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்று நிபுணர் குழு போட்டு, கசக்கும் சாற்றைக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு காயைக் குப்பையில் போடுங்கள். பாகற்காய் கசக்கிறதே என்று கேட்காதீர்கள், அது வேறு சரக்கு. அதேபோல் செங்காந்தள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்குதான். வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அதிலுள்ள கோல்சிசினை எந்த அடுப்பும் எந்தப் புளியும் ஒன்றும் செய்யாது. தின்னவே கூடாத செடி என்று ஒரு வகை உண்டு, அதைப் பக்குவம் பண்ணிப் பார்க்கிறேன் என்று இறங்கக் கூடாது.

கடைசியாக உங்கள் பிள்ளை. குழந்தைக்கு எடை குறைவு, ஆகவே விளிம்பும் குறுகியது. 12 கிலோ குழந்தைக்கு மேலே சொன்ன கீழெல்லை 6 மில்லிகிராம்தான். இனிப்பு ரகத்திலேயே 100 கிராம் பச்சைக்கிழங்கில் 5 வரை இருக்கலாம். ஆகவே பயப்படாமல், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். சமையலுக்கென்று விற்கும் கிழங்கை வாங்குங்கள், ஆலைக்குப் போகும் லோடில் எடுத்ததைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். தோண்டி இரண்டு மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும், உள்ளே நீலமாகவோ கறுப்பாகவோ கோடு ஓடியிருந்தால் எடுக்காதீர்கள். உள்பட்டையோடு தோலுரித்து, நடுநரம்பை எடுத்துவிட்டு, பொடித் துண்டுகளாக நறுக்கித் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிறைய விட்டு மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள். ஒரு சின்னத் துண்டை நீங்கள் முதலில் மென்று பாருங்கள், கசந்தால் பானையோடு போகட்டும். ஆனால் கசக்கவில்லை என்பதை மட்டும் நம்பி மற்றப் பக்குவத்தை விட்டுவிடாதீர்கள், கசப்பும் நஞ்சும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை. இரண்டு மூன்று கரண்டி மசித்து, கூட முட்டையோ மீனோ பருப்போ வைத்து, எப்போதாவது ஒரு நாள் கொடுக்கலாம். பிள்ளை சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருந்தாலோ தைராய்டு சிக்கல் இருந்தாலோ முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். அந்த இடத்தில் என் படிப்பு போதாது.